பல்லால் கேட்ட குரல்

பொன்மணிக்குக் காது கேட்காது. ஏன் கேட்காது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மகளைச் சுமந்துகொண்டிருந்தபோது கிரகணத்தன்று வாசலுக்கு வந்துவிட்டாள் என்பது மாமியாரின் காரணம். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு தலைக்கு ஊற்றிக்கொண்டாள், காற்று உள்ளே போய்விட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். போன பிறவியில் பெரியவர்கள் பேச்சைக் கேட்காமல் இருந்ததற்குத் தண்டனை என்று ஒரு ஜோசியர் தட்சணை வாங்கிக்கொண்டு சொன்னார். இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அவரை ஒரு காது டாக்டரிடம் காட்டலாமே என்று தோன்றவில்லை. இல்லாதவர் வீட்டில் காது கேட்கவில்லை என்றால் அது விதி. இருப்பவர் வீட்டில் அதற்குப் பெயர் நோய்.

ஒரே ஒருமுறை அவர்கள் பகுதியில் முகாம் நடந்தது. மேடை போட்டிருந்தார்கள், மாலை இருந்தது, போட்டோ எடுக்கிறவர் இருந்தார். காதைச் சோதிக்கிற டாக்டர் மட்டும் இல்லை. வரிசையில் நின்ற எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் ஒரே மாதிரி கருவியை மாட்டிவிட்டார்கள். பொன்மணியின் கருவி கீச்சென்று அலறியது. அந்த அலறல்கூட அவருக்கு எங்கோ அடுத்த தெருவில் அலறுவதுபோலத்தான் இருந்தது. கழற்றிப் பட்டறை மேசையின் இழுப்பறைக்குள் போட்டார். போட்டோவில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பட்டறை சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தது. தையல் மெஷின் பழுதுபார்க்கும் இடம். கல்யாணத்துக்கு முன்பே அங்கே எண்ணெய் போடுகிற வேலைக்குச் சேர்ந்து, பிறகு மெஷினைக் குடல்வரை பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார். கூவம் கரையில் அவர்கள் குடியிருந்த வீடுகளை ஒருநாள் இடித்து, ஊரைத் தாண்டி வெகுதூரத்தில் கட்டியிருந்த அடுக்குமாடியில் எட்டாவது மாடியைக் கொடுத்தார்கள். வீட்டைத் தூக்கி அங்கே வைத்தவர்கள் வேலையை அங்கே தூக்கி வைக்கவில்லை. அதனால் பொன்மணி தினமும் பஸ் மாறி மாறி ஊருக்குள் வந்தார். அவருடைய கணவர் பாலுவும் வந்தார். தி. நகரில் தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்பவர். அவர் கூவினால் மூன்றாவது மாடியில் இருப்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள் என்று மற்ற வண்டிக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் குரல் தன் காதில் தேய்ந்து தேய்ந்து மறைந்ததைப் பொன்மணி வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி. அவரிடம் மிச்சமிருந்தது பாலுவின் உதடுகள்தான்.

போனோகிராஃப் பொன்மணியிடம் வந்தது நதீம் வழியாக. ராயப்பேட்டையில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். கிராமபோன் என்றால் வட்டத் தட்டு ஞாபகம் வரும். அதற்கும் முந்தியது இது. காபி டம்ளர் அளவுக்கு உள்ளே கூடான மெழுகு உருளை. அதன்மேல் முடியைவிட மெல்லிய கோடாகப் பாட்டைச் செதுக்கியிருப்பார்கள். உருளை சுற்றும், ஊசி அந்தக் கோட்டில் நகரும், ஊசியின் அதிர்வு ஒரு மைக்கா தகட்டுக்குப் போய், தகட்டிலிருந்து புனல்போன்ற ஹார்ன் வழியே வெளியே வரும். கரண்டு கிடையாது. சாவி கொடுத்தால் ஸ்பிரிங் ஓட்டும். நதீம் முதன்முதலில் கொண்டுவந்த பெட்டியில் தோல் பெல்ட் அறுந்திருந்தது. "பெல்ட்டு, திருகு, ஸ்பிரிங்கு. நம்ம தையல் மெஷினுக்கு அண்ணன்தான் இது" என்று சொல்லிப் பொன்மணி அன்றே ஓட்டிக் காட்டினார்.

காது கேட்காதவர் பாட்டுப் பெட்டியை எப்படிச் சரிபார்ப்பார்? வேகத்தைக் கண்ணால் பார்ப்பார். உருளையின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி அது சுற்றி வருவதை எண்ணுவார். தகடு கிழிந்திருக்கிறதா என்பதை விரல் நுனியால் தெரிந்துகொள்வார். கடைசியாக, ஓடுகிற பெட்டிக்கு எதிரே யாரையாவது உட்காரவைத்து அவர் முகத்தைப் பார்ப்பார். கேட்கிறவர் புருவத்தை நெரித்தால் சத்தம் மெலிந்திருக்கிறது. தலையைப் பின்னுக்கு இழுத்தால் கரகரக்கிறது. வாய் தன்னை மறந்து லேசாகத் திறந்துகொண்டால் வேலை முடிந்தது. நதீமின் முகம் இதற்கு உதவாது. அவர் விலையை நினைத்துக்கொண்டே கேட்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். ஊசியை மாற்றினால் பெல்ட்டைத் தொடமாட்டார். "ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது சரி பண்ணிச்சின்னு தெர்யாது" என்பார்.

மயிலாப்பூரில் வைதேகி டீச்சர் வீட்டுக்கு அவரை அனுப்பியதும் நதீம்தான். வைதேகி பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். அவருடைய மாமனார் ஏதோ ஏலத்தில் எடுத்த போனோகிராஃபும் ஒரு பெட்டி உருளைகளும் பரண்மேல் கிடந்தன. கீழே இறக்கியதே பெரும்பாடாகிவிட்டதால் பொன்மணியே வந்து அங்கேயே சாப்பாட்டு மேசையில் வேலை பார்த்தார்.

அந்தப் பெட்டியில் ஒரு குறை இருந்தது. ஹார்னைத் தாங்குகிற கம்பி முறிந்துபோயிருந்தது. புதிது செய்யும்வரை ஓட்டிப் பார்க்கிறபோதெல்லாம் வைதேகி டீச்சர் ஹார்னைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பார். ஒரு காலைப்பொழுது, உருளை ஓடிக்கொண்டிருக்கும்போது, வாசலில் கேஸ் கொண்டுவந்தவர் மணியடித்தார். டீச்சர் "இதோ வந்துட்டேன்" என்று உதடு அசைத்துவிட்டு ஹார்னைப் பொன்மணியின் பக்கம் நீட்டினார். பொன்மணியின் ஒரு கை வேகத் திருகில் இருந்தது. இன்னொரு கை ஊசியைத் தாங்கும் சட்டத்தில் இருந்தது. எதை விட்டாலும் மெழுகில் கீறல் விழும். குனிந்து ஹார்னின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டார்.

யாரோ ஒருவர் பாடினார்.

பொன்மணி திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. வாய் திறந்ததும் ஹார்ன் நழுவியது, பாட்டும் நின்றது. ஆனால் உருளை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி கவ்வினார். மறுபடி அந்த மனிதர் பாடினார். வலமும் இல்லாமல் இடமும் இல்லாமல், மண்டைக்கு நட்டநடுவில் உட்கார்ந்து பாடினார். அடுத்த தெருவில் பாடவில்லை. இங்கே பாடினார்.

வைதேகி திரும்பி வந்தபோது பொன்மணி ஹார்னைக் கவ்வியபடி, கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுக, ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயோ, என்ன பொன்மணி? ஏன் அதைக் கடிச்சிண்டு நிக்கறே? பல்லு கில்லு மாட்டிண்டுடுத்தா?"

பொன்மணி ஊசியைத் தூக்கிவிட்டு, வாயை எடுத்தார். "டீச்சரம்மா, ஒருத்தர் பாடறாரு."

"எங்கே?"

"என் தலக்குள்ள."

வைதேகி கொஞ்சம் பயந்துதான் போனார். "என்ன பாடறார்?"

"தாயே, தாயேன்னு உருகறாரு. நடுவுல ஒருவாட்டி இருமிட்டு, இருமாத மாரியே பாடறாரு."

அந்த இருமலை வைதேகி வாசலிலிருந்து கேட்டிருந்தார். பாட்டும் அம்மன் பாட்டுதான். கையிலிருந்த கேஸ் ரசீதோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டார். "அம்பாளே! எங்காத்துலயா நடத்திக் காட்டினே!"

மத்தியானம் பொன்மணிக்குச் சாப்பாடு கொடுக்க வண்டியை ஓரம் கட்டிவிட்டு பாலு வந்தார். டீச்சர் சொன்னதைக் கேட்டதும் செருப்பை எங்கே விட்டார் என்று தெரியவில்லை, போனோகிராஃபின் எதிரே தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மனைவியின் காதுக்காகத் தெருமுனை அம்மனுக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டு அவர் காத்திருந்தது இன்றைக்கு நேற்றைக்கு அல்ல. எழுந்தவர் டீச்சரின் பூஜை மாடத்திலிருந்து குங்குமத்தை எடுத்து ஹார்னில் வைக்கப் போனார்.

"யோவ்! கைய எடு. எண்ணெயில ஒட்டிக்கினா துடைக்கறது நானு" என்றார் பொன்மணி.

"சாமிடி அது!"

"பெட்டிய்யா அது. இன்னும் கம்பி வெக்கல."

பாலு அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மொட்டையோடு வந்து நின்றார். முடி அவருடையது, அதைப்பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் சேதி வாய்விட்டு வாய் போய், டீச்சர் வீட்டு வாசலில் வெற்றிலை பாக்கோடு இரண்டு பேர் வந்து நின்று "அந்தப் பெட்டியைப் பார்க்கலாமா" என்று கேட்டார்கள். தன் வீட்டுக் குழந்தைக்கும் காது கேட்காது என்று ஒரு பெண் அழுதார். வைதேகிக்கு அன்றுதான் சுருக்கென்றது. அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, விவரம் எழுதிக் கொடுத்து, ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.

"பொன்மணி, அம்பாள்னு முதல்ல சொன்னது நான்தான். உக்காந்து யோசிச்சுப் பார்த்தேன். ஹார்னை எடுத்தா நின்னுபோற அனுக்கிரகம் என்ன அனுக்கிரகம்? நீதான் எப்பவும் சொல்லுவியே, ஒண்ணை மட்டும் மாத்திப் பாக்கணும்னு. பாட்டை மாத்து."

உருளைப் பெட்டியில் ஒன்று இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதில் சிரித்துக்கொண்டே இருப்பார். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வேறு ஒன்றுமே கிடையாது. அதை ஏற்றி ஓட்டிவிட்டுப் பொன்மணி ஹார்னைக் கவ்வினார். சற்று நேரத்தில் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. ஹார்ன் வாயில் இருந்ததால் மூக்கால் சிரித்தார். அம்மன் இல்லை, தாயே இல்லை, எவனோ ஒருவன் வேலைவெட்டி இல்லாமல் சிரிக்கிறான், அதுவும் கேட்கிறது. இரண்டு பெண்களும் மேசையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்கள்.

டீச்சர் போகச் சொன்ன அரசு ஆஸ்பத்திரியில் பொன்மணியைப் பார்த்த டாக்டர் மஹ்விஷ் இளம்பெண். கூட்டம் நெருக்கியடித்தாலும் ஆளைப் பார்த்துப் பேசுகிறவர். இரண்டு காலுள்ள ஓர் இரும்புக் கவையைத் தட்டிக் காதுக்கு எதிரே பிடித்தார். பொன்மணி தலையை ஆட்டினார், இல்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். பொன்மணியின் கண்கள் விரிந்தன.

"உங்க நரம்பு நல்லா இருக்கும்மா" என்றார் மஹ்விஷ், உதடு தெரியும்படி முகக்கவசத்தை இறக்கிவிட்டு. "உள்ளே குட்டியா ஒரு எலும்பு இருக்கு, அரிசியைவிடச் சின்னது. அது ஆடினாத்தான் சத்தம் உள்ளே போகும். உங்களுக்கு அது இறுகிப்போச்சு. காது வழியா வர்றது அங்கேயே நின்னுடுது. பல்லு வழியா போனா மண்டை எலும்பு நேரா கொண்டுபோய்ச் சேர்த்துடும். ஆபரேஷன் பண்ணலாம். முதல்ல ஒரு காது." பிறகு கேட்டார்: "எப்பவும் இவ்வளவு மெதுவாத்தான் பேசுவீங்களா?"

"ஆமாங்க. அதான் பழக்கம்."

"பழக்கம் இல்லம்மா. உங்க குரல் எலும்பு வழியா உங்களுக்கு நல்லாவே கேக்குது. வெளிச் சத்தம் கேக்கல. அதனால மெதுவாப் பேசினாலே போதும்னு இருக்கு. நரம்பு கெட்டவங்கன்னா கத்திப் பேசுவாங்க. யாராவது கவனிச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

கவனிக்காமல் என்ன, எல்லோரும் கவனித்தார்கள். அடக்கமான பெண், குரலே வெளியே வராது என்று உறவுக்கூட்டம் முழுக்கப் புகழ்ந்தது. மற்ற மருமகள்களுக்கு அவரை உதாரணம் காட்டினார்கள். நோயின் அடையாளம் கண்ணெதிரே நின்றது. பெண் மெதுவாகப் பேசினால் அதைக் குணம் என்று கொண்டாடுகிற ஊரில் அது யாருக்கு நோயாகத் தெரியும்?

ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்குத் தடையாக நின்றது ஒரே ஆள். பாலு.

"அம்மன் தொறந்து வுட்ட காதுல கத்தி வெக்கறதா? நல்லா கீதே ஞாயம்! கண்ணு அவிஞ்சிடும்."

"கண்ணு எங்க நடுவுல வந்துச்சு?"

"அதெல்லாம் அப்டித்தான். வேணாம்னா வேணாம்."

பொன்மணியே கையெழுத்துப் போட்டால் போதும் என்று மஹ்விஷ் சொல்லியிருந்தார். யாருடைய அனுமதியும் சட்டப்படி தேவையில்லை. மகள் திருவள்ளூரிலிருந்து வந்து துணைக்கு இருக்கிறேன் என்று செய்தி அனுப்பினாள். இருந்தும் பொன்மணி நாள் குறிக்கவில்லை. பாலு இல்லாமல் போகப் பயந்தல்ல. அவர் குடிப்பவரல்ல, கை நீட்டியவரல்ல. பேசுகிறபோது வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி திரும்பி நின்று பேசுகிற மனிதர். அப்படிப்பட்டவரை வீட்டில் விட்டுவிட்டுப் போய்க் காதை வாங்கிக்கொண்டு வரப் பொன்மணிக்கு மனம் ஒப்பவில்லை. காதும் வேண்டும், காது வரும்போது எதிரே பாலுவும் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

ஹார்னைத் தாங்கும் கம்பி தயாரான அன்று பாலுவையும் டீச்சர் வீட்டுக்கு வரச் சொன்னார். மேசையில் சிரிக்கும் உருளை ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு காதுலயும் பஞ்ச வெச்சி வெரலால அடைச்சிக்க. பெட்டி சத்தம் கேக்குதான்னு சொல்லு."

"இல்ல."

"இப்ப இத்த கடி" என்று சாடை காட்டினார்.

பாலு தயங்கியபடி ஹார்னைக் கவ்வினார். துள்ளிக் குதித்துப் பின்னால் போனார். "யம்மா! பல்லு சிரிக்குது!"

"உனக்கும் அம்மன் வந்துட்டாளா? காணிக்கைக்குத் தலையில முடி கூட இல்லியேய்யா."

வைதேகி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பாலுவும் சிரிக்கத்தான் செய்தார். சிரித்து முடித்தபின் தரையைப் பார்த்தார். "அதுக்குச் சொல்லல பொன்னு."

"அப்ப எதுக்கு?"

பாலு வாயைத் திறந்தார். பொன்மணியின் கண்கள் அவர் உதட்டில் இருந்தன. எப்போதும் அங்கேதான் இருக்கும். ஆனால் அன்று அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

பொன்மணி உருளைப் பெட்டியைத் திறந்தார். பூஞ்சை அரித்து ஒன்றுக்கும் உதவாமல்போன ஓர் உருளையை எடுத்து டீச்சரிடம் காட்டினார். டீச்சர் தலையசைத்தார். அதை ஏற்றி, சீவும் பிளேடைப் பொருத்தி ஓட்டினார். பழைய கோடுகள் பூஞ்சையோடு சுருள் சுருளாக உதிர்ந்தன. அடியில் பழுப்பு மெழுகு வழவழவென்று புதிதாக வந்தது. வட்டத் தட்டு கிராமபோன் எதிலும் முடியாத வேலை இது: இந்தப் பெட்டி பாடவும் செய்யும், சொன்னதை எழுதிக்கொள்ளவும் செய்யும். பாடுகிற ஊசியைக் கழற்றிவிட்டுச் செதுக்குகிற ஊசியைப் பூட்டினார்.

"மூஞ்சியப் பாத்து சொல்ல முடிலன்னா இதுல சொல்லு. ஹார்ன்ல மூஞ்ச வெச்சி, வண்டிகிட்ட நின்னு கூவறாப்ல சத்தமா சொல்லணும். முணுமுணுத்தா எதுவும் ஏறாது. இந்தப் பிடிய எறக்கு, பேசு, முடிஞ்சா தூக்கிடு."

"நீங்க ரெண்டு பேரும்?"

"நான் பால்கனில நிக்கறேன். திரும்பிக்கினு."

"நான் மிக்ஸியைப் போடறேன்" என்றார் வைதேகி.

அடுப்பங்கரையில் வைதேகி டீச்சர் ஒன்றையும் போடாமல் வெறும் மிக்ஸியை ஓடவிட்டார். பொன்மணி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வாழைப்பழம் விற்கிற தொண்டையால் பாலு ஒரு ரகசியத்தைக் கத்திச் சொன்னார்.

முடிந்ததும் பொன்மணி வந்து மெழுகுத் தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு ஊசியை மாற்றினார். பாலு சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். மிக்ஸி மறுபடி ஓடத் தொடங்கியது. பொன்மணி ஹார்னின் விளிம்பைக் கவ்விக்கொண்டு கண்ணை மூடினார்.

முதலில் கரகரப்பு. பிறகு, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கடைசியாகத் தெளிவாகக் கேட்ட அந்தக் குரல். கொஞ்சம் தடித்திருந்தது.

"பொன்னு. நான்தான், பாலு. இன்னா சொல்றதுன்னு தெர்ல. காது வந்தா நீ எல்லாத்தையும் கேப்பே. அதான் பேஜாரா கீது. எங்கம்மா உன்ன இன்னான்னு கூப்புடுவாங்கன்னு உனுக்குத் தெர்யாது. பஸ்ல ஏறசொல்ல பின்னால நிக்கறவன் சொல்றது உனுக்குத் தெர்யாது. நம்ம வூட்ட இடிக்கசொல்ல அந்த ஆபீசரு ஒரு வார்த்த சொன்னான், அத்தயும் நான் உன்கிட்ட வேற மாரி சொன்னேன். இத்தினி வருசமா மாத்தி மாத்திதான் சொல்லிக்கினு கீறேன். இந்த ஊர்ல நம்மள மாரி ஆளுங்க கேக்கறாப்ல நல்ல பேச்சு கம்மி பொன்னு. சாமி மேல பழியப் போட்டது தப்பு. பயம் என்னுது."

மெழுகு மேலும் கொஞ்ச தூரம் வெறுமனே சுற்றியது. பொன்மணி ஊசியைத் தூக்கினார். அடுப்பங்கரைக்குப் போய் மிக்ஸியின் சுவிட்சை அணைத்தார். "போதும் டீச்சரம்மா, மோட்டார் தீஞ்சிடும்." திரும்பி வந்து பாலுவின் எதிரே நின்றார்.

"உங்கம்மா என்னிய செவிட்டு முண்டம்னாங்க."

பாலு நிமிர்ந்து பார்த்தார்.

"நீ, 'மருமவளே, வந்து சாப்புடு'ன்னு கூப்புடறாங்கன்னு சொன்னே. மருமவளேன்னு சொல்றதுக்கு அவங்க ஒதடு ஒரு நாளும் குவிஞ்சதே இல்லய்யா. ஆபீசரு சொன்ன வார்த்தயும் தெர்யும். வெத்தல போட்ட வாயி, நல்லா தெளிவா சொன்னான். ஒன் ஒதட்ட படிக்கறவளுக்கு ஊரான் ஒதட்ட படிக்கத் தெர்யாதா?"

"எல்லாம் தெர்யுமா?"

"எல்லாம்."

"அப்ப ஏன் இத்தினி நாளா சொல்லல?"

பொன்மணி மொட்டைத் தலையில் முளைக்கத் தொடங்கியிருந்த முடியைத் தடவினார். "நீ சொன்னது நல்லா இருந்துச்சி. இன்னிக்கு உங்கம்மாவ இன்னா பேச வெக்கப் போறேன்னு பாப்பேன். ஒருநாளு அவங்க எனுக்கு மல்லிப்பூ வாங்கியாரச் சொன்னாங்கன்னியே. பூவு நீதான வாங்கியாந்தே."

பாலு அழுதார். அடுப்பங்கரை வாசலில் வைதேகி எதையோ தேடுவதுபோல் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"திட்டறவன் திட்டிக்கினுதான் இருப்பான். காது இல்லாட்டி அது நின்னுடுதா? கேட்டா திருப்பிக் குடுக்கவாவது செய்யலாம்" என்றார் பொன்மணி. "வர்றியா, இல்லியா?"

"வரேன்."

ஆபரேஷன் காதைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்துதான் நடந்தது. பாலு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மஹ்விஷ் அந்த இறுகிய எலும்பை எடுத்துவிட்டு அதனிடத்தில் நூல்போன்ற ஒன்றைப் பொருத்தியதும் குனிந்து, "பொன்மணி அம்மா, நான் பேசறது தெரியுதா?" என்று கேட்டார். பொன்மணியின் முகம் துணியால் மூடியிருந்தது. யாருடைய உதட்டையும் அவர் பார்க்க வழியில்லை.

"தெர்யுதுங்க. கத்தாதீங்க" என்றார்.

கட்டுப் பிரித்த பிறகு சில நாட்கள் ஊர் அவருக்கு ஒரு தண்டனையாகத்தான் இருந்தது. பஸ் ஹார்ன், பாத்திரம், பக்கத்து வீட்டு டிவி, தன் செருப்பு. எல்லாமே வலது பக்கத்திலிருந்து பாய்ந்தன. பஸ்ஸில் ஏறும்போது பின்னால் நின்ற ஒருவன், இடிபட்டதற்கு, எந்தச் சாதிக்காரி என்று கேட்கும் தொனியில் ஏதோ சொன்னான். பொன்மணி திரும்பி, இத்தனை வருஷம் உள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த குரலை முதல்முறையாக வெளியே விட்டார். அவர் என்ன சொன்னார் என்பதை அச்சில் போட முடியாது. அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். பாலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் அவர் கன்னம் இரண்டும் உப்பியிருந்தது பொன்மணிக்குத் தெரிந்தது.

இடது காதுக்கு இன்னும் நாள் இருக்கிறது. டீச்சர் வீட்டுப் பெட்டி முடிந்து, நதீம் இன்னொன்றைக் கொண்டுவந்திருக்கிறார். இப்போதும் பொன்மணி எதிரே ஆளை உட்காரவைத்து முகத்தைப் பார்க்கத்தான் செய்கிறார். தன் காதைவிட அது நம்பகமானது என்கிறார்.

பாலு மட்டும் வீட்டில் பேச்சை மறந்தவர்போல ஆகிவிட்டார். எதைச் சொல்வதென்றாலும் அருகில் வந்து, தோளைத் தொட்டு, பொன்மணி திரும்பும்வரை காத்திருந்து, வெளிச்சம் பார்த்து நின்று, பிறகு சொல்வார். பழக்கம் விடவில்லை. பொன்மணியும் அவசரப்படுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டாவது மாடி ஜன்னலோரம் பொன்மணி துணி மடித்துக்கொண்டிருந்தார், முதுகைக் காட்டியபடி. பாலு அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். கை ஈரம், கொதி வந்துவிட்டது, அவசரம்.

"பொன்னு, உப்பு எங்க?"

"மொளகாத்தூள் டப்பா பின்னால" என்றார் பொன்மணி, திரும்பாமலே.

மடித்த துணி கையில் நின்றது. அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றது. ரசம் மட்டும் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது.